கடைசி நான்கு கிலோ: ஒரு தவறான அறிவுரைக்கு மறுப்பு

"எடை நின்னுடுச்சா? சாப்பாட்டை இன்னும் குறைங்க, நடையை இன்னும் கூட்டுங்க." எடை குறைப்பவர்கள் இலக்கை நெருங்கும் சமயத்தில் இந்த அறிவுரையிலிருந்து தப்பவே முடியாது. ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார். வாட்ஸ்அப் டயட் குழுவின் அட்மின் சொல்கிறார். போன வருடம் பத்து கிலோ குறைத்த சித்தப்பா சொல்கிறார். வரிசை நீண்டுகிடக்கும் நாளில் மருத்துவரும் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். பத்து, பதினைந்து கிலோ இறக்கிவிட்டு, கடைசி மூன்று நான்கு கிலோவில் மாதக்கணக்கில் நின்றுபோன ஒருவரிடம் இப்படிச் சொல்வது தவறு, தீங்கும்கூட என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். உடலுக்குள் போகும் ஆற்றலைவிட வெளியேறும் ஆற்றல் அதிகமாக இருந்தால் எடை குறைந்தே தீரும். இது இயற்பியல், இதற்கு விதிவிலக்கு கிடையாது. குறையவில்லை என்றால் ஒன்று அதிகமாகச் சாப்பிடுகிறார், அல்லது குறைவாக அசைகிறார். இரண்டாவதாக, மனிதர்கள் தாங்கள் சாப்பிடுவதைச் சரியாகச் சொல்வதில்லை. இதற்கு வலுவான சான்று உண்டு. 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், "எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை" என்று வந்த பத்துப் பேரின் உண்மையான ஆற்றல் செலவை அளந்து பார்த்தார்கள். அவர்கள் தாங்கள் உண்டதை 47% குறைத்தும், உழைத்ததை 51% கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. மூன்றாவதாக, கொஞ்சம் இளைத்ததும் நாலு பேர் பாராட்டுகிறார்கள், கட்டுப்பாடு தளர்கிறது.

மூன்றுமே மறுக்க முடியாதவைதான். ஆனால் அந்தப் பத்துப் பேர் எடையை இறக்கவே முடியாமல் வந்தவர்கள். நான் பேசுவது ஏற்கெனவே 14 கிலோ இறக்கிக் காட்டியவரைப் பற்றி. அளவு பார்த்துச் சாப்பிடத் தெரியாதவர் அந்த 14 கிலோவை எப்படி இறக்கினார்? இந்தக் கேள்வியை அறிவுரை சொல்பவர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. என் ஆட்சேபங்கள் ஐந்து.

1. முதல் தப்பு கணக்கிலேயே இருக்கிறது.

எல்லா டயட் அட்டவணைக்கும் அடியில் ஒரே வாய்ப்பாடுதான் கிடக்கிறது: 7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ. 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று போட்ட கணக்கு இது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற கேள்விக்கு இது சரியான விடைதான். உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் இறங்குகிறது என்பது மட்டும் இந்த வாய்ப்பாட்டில் இல்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 42 வயதுப் பெண், 160 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோவில் தொடங்குகிறார். உட்கார்ந்து பார்க்கும் வேலை, கொஞ்சம் நடை. வழக்கமான சூத்திரப்படி அவருடைய ஒரு நாள் செலவு ஏறத்தாழ 1,970 கலோரி. 1,500 கலோரிக்கு உணவைக் கட்டுப்படுத்துகிறார். தினமும் 470 பற்றாக்குறை. பதினாறு நாளுக்கு ஒரு கிலோ, மாதம் இரண்டு கிலோ இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இப்போது அவர் 64 கிலோ. சிறிய உடலுக்குச் செலவு குறைவு. சூத்திரம் 1,780 என்கிறது. இதற்கு மேல், இளைத்த உடல் அதன் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் சிக்கனமாக ஓடும். அதற்கு ஒரு நூறு கழித்தால் 1,680. அதே 1,500-ஐ இம்மியும் பிசகாமல் சாப்பிட்டாலும் பற்றாக்குறை வெறும் 180. ஒரு கிலோ இறங்க நாற்பத்து மூன்று நாள். அடுத்தடுத்த கிலோவுக்கு இன்னும் கூடுதல் நாள். 60-ஐத் தொட, ஒரு நாள்கூடத் தவறாமல் இருந்தால், ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும். பழைய வாய்ப்பாட்டை நம்பியவர் இரண்டே மாதத்தில் முடியும் என்று காத்திருந்தார். ஆறு மாதத் தாமதத்தை வாய்ப்பாட்டின் பிழை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பிழை என்றார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் லான்செட் இதழில் இந்தப் பழைய வாய்ப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மாற்றுக் கணக்கு ஒன்றைத் தந்தார்கள். அதன்படி, ஒரு கிலோ குறைந்து அங்கேயே நிலைக்க, தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி அளவுக்குக் குறைய வேண்டும். அந்த மாற்றத்தில் பாதி வருவதற்கே ஒரு வருடம் ஆகும், 95% வர மூன்று வருடம் ஆகும். இந்த மாற்றுக் கணக்கு வந்து பல வருடம் ஆகிறது. நம் ஊர் டயட் அட்டவணைகளில் இன்னும் 1958-தான் நடக்கிறது.

இங்கே எதிர்முனையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டால் உடல் பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், அதனால்தான் எடை நிற்கிறது" என்பார்கள். அதுவும் உண்மையில்லை. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். பட்டினியால் யாரும் பருக்கவில்லை. சம்பளம் குறைந்த வீட்டில் செலவும் தன்னால் சுருங்குவதுபோல அவர்களுடைய உடலின் செலவு சுருங்கியது, அவ்வளவே.

2. மன உறுதியை ஏன் இழுக்கிறீர்கள்?

மன உறுதிக்கு வேலையே இல்லாத ஓர் இடத்தில் எடை நிற்கிறதா என்று பார்த்தால் இந்த வழக்கு முடிந்துவிடும். அப்படிப் பார்த்திருக்கிறார்கள். நீரிழிவுக்குத் தரும் ஒருவகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். டாபாகிளிஃப்ளோசின் என்ற பெயரில் அந்த வகை நம் ஊர் மருந்துக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதே வகையைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின் கொடுத்து ஒரு வருடம் கவனித்த ஆய்வை ஹால் குழுவினர் 2016-இல் அலசினார்கள். தினமும் ஏறத்தாழ 360 கலோரி சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது, போவது மாத்திரை எடுத்தவர்களுக்குத் தெரியாது. யாரும் டயட் இருக்கவில்லை, யாரும் மனத்தைக் கட்டவில்லை. எடை நான்கு கிலோ வரை இறங்கியது. பிறகு நின்றது.

ஏன் நின்றது? குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு இருபது முப்பது கலோரிதான் குறைகிறது. ஆனால் உண்ணும் அளவு நாளொன்றுக்கு நூறு கலோரி அளவில் கூடத் தூண்டப்படுகிறது. செலவு சுருங்குவதைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் பசி பெருகுகிறது. அந்த மனிதர்கள் தங்களை அறியாமலேயே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்கள்.

புதிய ஊசி மருந்தும் இதையே காட்டுகிறது. செமாகுளுடைடு மருந்தின் பெரிய பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15% எடை குறைந்தது. வரைபடத்தைப் பாருங்கள்: அறுபதாவது வாரத்தை ஒட்டிக் கோடு படுத்துவிடுகிறது. மருந்து தொடர்கிறது, எடை நிற்கிறது. பசியையே அடக்கும் மருந்துக்கும் நிற்கும் இடம் ஒன்று இருக்கும்போது, வெறும் கீரைக்கூட்டையும் நடைப்பயிற்சியையும் வைத்து 14 கிலோ இறக்கிய பெண்ணிடம் "உனக்கு வைராக்கியம் போதாது" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

கட்டுப்பாடு தளர்கிறது என்ற வாதமும் இத்துடன் தன் பலத்தை இழக்கிறது. தளர்வது உண்மை. ஆனால் தளர்த்துவது பாராட்டு தந்த மெத்தனம் இல்லை. கொழுப்பு குறைந்ததும் லெப்டின் இறங்குகிறது, பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவில் எடை குறைத்தவர்களிடம் ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. பசி கூடியிருக்கும் அந்த நேரத்தில் "இன்னும் குறை" என்றால், தளர்வைக் குணப்படுத்த அதன் காரணத்தையே கூட்டுகிறோம்.

3. மெஷினில் தெரிவது கொழுப்பு மட்டுமா?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான் பார்த்த ஜிம்மில் திங்கட்கிழமை காலை எடை பார்ப்பார்கள். ஆறு மணிக்கே வரிசை நிற்கும். ஆண்கள் பெல்ட்டையும் செல்போனையும் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு ஏறுவார்கள். பெண்கள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். முந்தைய இரவிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உதடு காய்ந்து நிற்பவர்களை அங்கேதான் கண்டேன். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் குறைந்தவருக்குப் பச்சையிலும் கூடியவருக்குச் சிவப்பிலும் எழுதுவார். 64.1 என்று இருந்த ஒரு பெண்ணுக்கு அன்று 64.9. சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்துக்குப் போய் வந்ததாகச் சொன்னார். "அதான் பாருங்க" என்றார் பயிற்சியாளர், எல்லோர் காதிலும் விழும்படி.

அந்த எண்ணூறு கிராம் என்ன? ஒரே நாளில் அத்தனையும் கொழுப்பாக ஏற, வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஆறாயிரம் கலோரி தின்றிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது சாத்தியம் இல்லை. அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பின் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சோற்றின் மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையில் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூடவே கொண்டுவருகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது பல பெண்களுக்கு இயல்பு. புதிதாக எடை தூக்கும் பயிற்சி தொடங்கினாலும் தசை வீங்கித் தண்ணீர் சேரும்.

இதை முந்தைய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மாதத்துக்கு எழுநூறு கிராம் கொழுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. அதே மாதத்தில் தண்ணீர் ஒன்றரைக் கிலோ மேலும் கீழும் ஆடுகிறது. நான்கு வாரம் எடை அசையாததாலேயே கொழுப்பு கரையவில்லை என்று முடிவு கட்ட எந்த ஆதாரமும் இல்லை. கீஸின் பட்டினி ஆய்விலும் கால் வீங்கும் அளவுக்கு அந்த ஆண்களின் உடலில் நீர் தேங்கியது. மெஷின் காட்டியதைவிட அதிகமான திசுவை அவர்கள் இழந்திருந்தார்கள்.

4. இன்னும் குறைத்தால் எது குறையும் என்று யோசித்தீர்களா?

உடலில் கொழுப்பு நிறைய இருக்கும்போது இழக்கும் எடையில் பெரும்பங்கு கொழுப்பு. கொழுப்பு குறையக் குறைய, இழக்கும் ஒவ்வொரு கிலோவிலும் தசையின் பங்கு ஏறிக்கொண்டே போகும். கில்பர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை வளைகோடாகவே வரைந்து காட்டியிருக்கிறார். ஆகவே 1,500-ஐ 1,200 ஆக்கு என்ற அறிவுரைக்கு, தொடக்கத்தில் கொடுத்ததைவிட இலக்கின் அருகில் மிக அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும். 1,200 கலோரியில் நம் ஊர்த் தட்டில் முதலில் காணாமல் போவது எது? இட்லி இருக்கும், ரசம் சாதம் இருக்கும். முட்டையும் மீனும் சுண்டலும் "கனமான சாப்பாடு" என்ற பெயரில் போய்விடும்.

நம்மவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்கின் உடலில் 21.2%. ஒரே எடைக்குறியீட்டில் இந்திய உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். ஏற்கெனவே தசை ஏழைகளான நாம், கடைசி நான்கு கிலோவுக்காகத் தசையை விற்பது எந்த விதத்தில் ஆரோக்கியம்? அந்தத் தசைதான் சாப்பிட்ட சர்க்கரையை உள்வாங்குகிறது. அறுபது வயதில் தரையிலிருந்து எழுந்திருக்க உதவுவதும் அதுதான்.

மேலும், கட்டுப்பாடு முறிந்து எடை திரும்பும்போது தசை அதே வேகத்தில் திரும்புவதில்லை. கீஸின் ஆண்களிடம் கொழுப்பு முந்திக்கொண்டு ஏறி, தொடங்கிய அளவையும் தாண்டியது. வேகமாக இளைப்பதால் பித்தப்பைக் கல் வருவதும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவதும் மருத்துவம் நன்கு அறிந்தவை. நீரிழிவுக்காக கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாரோ சொன்னதைக் கேட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், விடியற்காலையில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போகும். குழுவில் அறிவுரை போட்டவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

5. அந்த இலக்கை வைத்தது யார்?

மேலே சொன்ன பெண்ணுக்கு 60 கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது? "உயரத்துல நூறைக் கழிங்க" என்ற சூத்திரத்திலிருந்து. பால் புரோக்கா என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர் பெயரில் வழங்கும், 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோராயக் கணக்கு அது. எலும்பின் கனம், தசை, வயது, பெற்ற பிள்ளைகள் எதுவும் அதில் கிடையாது. 60-இல் நோய் நீங்கும், 64-இல் நீங்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

எதிர்த்தரப்பு இங்கே சரியாகவே ஒன்று கேட்கும்: இந்தியர்களுக்கு 23-க்கு மேல் குறியீடு போனாலே ஆபத்து கூடுகிறதே, 64 கிலோவில் அவருக்கு 25 அல்லவா? கூடுவது உண்மை. ஆனால் ஆபத்து படிப்படியாகக் கூடுவது. முதலில் இறங்கிய 14 கிலோவிலேயே பெரும்பங்கு ஆபத்து இறங்கிவிட்டது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கே 7% எடைக் குறைப்புதான். அதிலேயே நீரிழிவு வருவது 58% குறைந்தது. நம் உதாரணப் பெண் குறைத்திருப்பது 18%.

இதைவிட அழுத்தமான சான்று சென்னையிலேயே கிடைத்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55% பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3% பேருக்கு. ஆபத்து 28.5% குறைந்தது. கவனியுங்கள்: குறிப்பிடத்தக்க எடைக் குறைவே இல்லாமல் இந்தப் பலன் வந்தது. எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் அந்த மனிதர்கள் அத்தனை பேரும் தோற்றவர்கள் என்றுதான் எழுதியிருப்போம்.

அப்படியானால் நின்ற எடையை அப்படியே விட்டுவிடுவதா? முதலில் ஒரு வாரம் எண்ணெயை ஊற்றாமல் கரண்டியில் அளந்து பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரியைத் தாண்டும் என்பதால், 180 பற்றாக்குறையில் ஓடுகிறவருக்கு அந்த அளவு முக்கியம். ஒருநாள் எடையைப் பார்க்காமல் ஒரு மாதச் சராசரியை முந்தைய மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பை டேப்பால் அளவெடுங்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது நமக்கான எல்லை. களைப்பும் மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டைச் சோதியுங்கள், எடையைக் கூட்டும் மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் எடை நின்றால், உணவைக் குறைக்காதீர்கள். செலவுக்குச் சமமாக உணவைக் கொஞ்சம் ஏற்றி, முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று புரதத்தைக் கூட்டி, வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கி, சில மாதம் இதே 64-இல் நில்லுங்கள். அதற்குப் பிறகும் 60 வேண்டும் என்று தோன்றினால் அப்போது தொடங்கலாம். வேண்டாம் என்று தோன்றினாலும் அது தோல்வி ஆகாது.

நிற்பது சும்மா இருப்பது என்று நினைப்பவர்களுக்கு: எடை குறைத்தவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த நிற்கும் வேலையில்தான். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, எடைக் குறைப்பில் வெற்றி பெற்றவர்களைப் பதிந்துகொண்டு வருகிறது. அதில் சேர 13.6 கிலோ குறைத்திருக்க வேண்டும், அதை ஒரு வருடம் தக்கவைத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தைத் தாண்டியவர்களுக்கு எடை திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதையும் அந்தப் பதிவேடே காட்டியது. சேர வருபவர் எந்த எண்ணை இலக்காக வைத்திருந்தார், அதைத் தொட்டாரா என்பது அங்கே தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.